கேபிளை மாற்றினால் தூரத்து விமானம் தெரியுமா?

பின்னால் வந்து படிப்பவர்களுக்காக உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தாம்பரத்தில் மூன்று மாடி வீடு. மொட்டை மாடியில் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, விமானங்கள் தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லி அனுப்பும் சிக்னலைப் பிடிக்கும் 1090 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா. கீழ்த்தளத்தில் கணினியில் சொருகிய யூஎஸ்பி ரிசீவர். இரண்டுக்கும் நடுவே ரிச்சி தெருவில் வாங்கிய ஆர்ஜி-58 கேபிள், 22 மீட்டர். 90 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு விமானமும் தெரிவதில்லை. இதே ஆன்டெனா வைத்திருக்கும் நண்பருக்கு 350 கிலோமீட்டர் வரை தெரிகிறது. எல்எம்ஆர்-400 கேபிள் வாங்கலாமா, இல்லை ரிசீவர் பக்கத்தில் ஓர் ஆம்ப்ளிஃபையர் போட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: தூரத்து விமானங்களைத் தின்பது கேபிள்தானா, கேபிள் மட்டும்தானா? அதைத் தெரிந்துகொள்ளாமல் எதை வாங்கினாலும் பாதிக் காசு வீண்.

நான் செல்போன் டவர், மைக்ரோவேவ் லிங்க் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன். மொட்டை மாடியில் விமான சிக்னல் பிடிப்பது பத்து வருடப் பழக்கம். கீழே சொல்லும் எண்களில் கேபிள் இழப்பு, தயாரிப்பாளர்கள் அச்சிடும் அட்டவணையை ஒட்டியது. தூரக் கணக்கு நான் போட்டது. அதில் மூன்று டெசிபல் இப்படி அப்படி இருக்கும். (டெசிபல் என்பது சக்தி எத்தனை மடங்கு கூடியது, குறைந்தது என்று சொல்லும் அலகு. பத்து டெசிபல் குறைந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம்.) உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை இங்கிருந்து ஊகிக்கத்தான் முடியும், அந்த இடங்களில் ஊகம் என்றே சொல்கிறேன்.

கேபிளில் ஏன் சிக்னல் குறைகிறது என்பதைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். 1 கிகாஹெர்ட்ஸ் அளவில் மின்னோட்டம் செம்பின் உள்ளே போவதே இல்லை, மேல்தோலில் சுமார் இரண்டு மைக்ரான் ஆழத்தில்தான் ஓடுகிறது. கம்பி மெலிதாக இருந்தால் ஓடும் பரப்பு குறைவு, இழப்பு அதிகம். நடுக்கம்பிக்கும் அதைச் சுற்றியிருக்கும் உலோக வலைக்கும் இடையே இருக்கும் பிளாஸ்டிக்கும் கொஞ்சம் தின்னும். அது கெட்டியான பிளாஸ்டிக் என்றால் கூடுதலாக, காற்றுக்குமிழி நிறைந்த நுரை என்றால் குறைவாக. ஆர்ஜி-58 மெலிது, பெரும்பாலும் உள்ளே கெட்டிப் பிளாஸ்டிக். அதனால் வாக்கி டாக்கி அலைவரிசையில் பிரச்சினை இல்லாமல் ஓடும் அதே கேபிள் 1090-இல் மீட்டருக்கு 0.6 முதல் 0.7 டெசிபல் வரை விழுங்கிவிடுகிறது. வெயிலில் கிடந்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

22 மீட்டருக்கு 13 முதல் 15 டெசிபல். இது எவ்வளவு பெரிய இழப்பு என்றால், ஆன்டெனா பிடித்த சக்தியில் இருபதில் ஒரு பங்கு, சில சமயம் முப்பதில் ஒரு பங்குதான் கீழே வந்து சேருகிறது. அந்தச் சக்தி சூடாகிக் கரைந்துவிடுகிறது, திரும்பி வராது.

ஆனாலும் உங்கள் திரையில் பக்கத்து விமானங்கள் பளிச்சென்று தெரிகின்றன அல்லவா? இதுதான் பலரைக் குழப்புகிறது. பழைய ரேடியோவில் சிக்னல் குறைந்தால் இரைச்சல் கூடும், காது உடனே சொல்லிவிடும். விமானத்தின் செய்தி 112 பிட். அதில் கடைசி 24 பிட் சரிபார்ப்புக்கு. செய்தி சரியாக வந்தால் விமானம் தெரியும், வராவிட்டால் மென்பொருள் அதைத் தூக்கிப் போட்டுவிடும். அரைகுறையாகத் தெரிவது என்று ஒன்று கிடையாது. ஆகவே கேபிள் இழப்பு படத்தை மங்கலாக்குவதில்லை, ஓரங்களை வெட்டிவிடுகிறது. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானத்துக்கு 15 டெசிபல் போனாலும் கவலையில்லை. வங்காள விரிகுடா மேல் 300 கிலோமீட்டரில் பறக்கும் விமானத்துக்குப் பதினோரு டெசிபல் போனாலே போயிற்று.

எண்ணாகவே பார்ப்போம். பெரிய விமானங்களின் டிரான்ஸ்பாண்டர், அதாவது இந்தச் செய்தியை அனுப்பும் கருவி, 125 முதல் 500 வாட் வரை அனுப்பலாம் என்பது விதி. 250 வாட் என்று வைத்துக்கொள்வோம், அது 54 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபலில் சொல்லும் சக்தி). 400 கிலோமீட்டர் வெட்டவெளியில் 1090 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் 145 டெசிபல் குறையும். உங்கள் ஆன்டெனா நான்கு டெசிபல் தருகிறது என்றால் அதன் முனையில் கிடைப்பது கழித்தல் 87 டிபிஎம். சாதாரண யூஎஸ்பி ரிசீவரின் இரைச்சல் மட்டம் கழித்தல் 105-ஐ ஒட்டி இருக்கும், செய்தியைப் படிக்க அதற்கு மேல் பத்து டெசிபல் வேண்டும். ஆக, 400 கிலோமீட்டரில் கையிருப்பு எட்டே டெசிபல். அதிலிருந்து 13 முதல் 15 வரை கேபிள் எடுத்துக்கொண்டால் கணக்கு கடனில் போய், தூரம் 180 முதல் 225 கிலோமீட்டருக்குச் சுருங்கும். தூரம் பாதியானால் ஆறு டெசிபல் மிச்சம், அந்தக் கணக்குதான்.

கவனியுங்கள், வந்த விடை 180, உங்களுக்குத் தெரிவது 90. கேபிளின் முழுப் பழியையும் எழுதிய பிறகும் இன்னும் ஆறு முதல் எட்டு டெசிபல் கணக்கில் வரவில்லை. என் கணக்கில் மூன்று டெசிபல் பிசகு இருக்கலாம் என்று விட்டாலும் பாக்கி இருக்கிறது. கேபிள் குற்றவாளி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அது தனியாகச் செய்யவில்லை என்பது என் ஊகம்.

கூட்டாளி யார் என்று கண்டுபிடிக்க உங்கள் தூர வரைபடத்தை, அதாவது எந்தத் திசையில் எவ்வளவு தூரம் வரை விமானம் தெரிந்தது என்று மென்பொருள் வரைவதை, பாருங்கள். கேபிளிலோ கனெக்டரிலோ இழப்பு என்றால் வட்டம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி சுருங்கும். மறைப்பு என்றால் ஒரு பக்கம் மட்டும் கடித்தது போல இருக்கும். ஆன்டெனா தொட்டியை ஒட்டி இருப்பதாகச் சொன்னீர்கள். பிளாஸ்டிக் தொட்டி வழியாக ரேடியோ அலை போகும், உள்ளே இருக்கும் ஆயிரம் லிட்டர் தண்ணீர் வழியாகப் போகாது. இந்த அலையின் நீளம் 27.5 சென்டிமீட்டர்தான், அந்தத் தொட்டி அதற்கு ஒரு சுவர். தொட்டி இருக்கும் திசையில் மட்டும் குறைந்தால் ஆன்டெனாவைத் தொட்டியின் தலைக்கு மேலே ஒரு மீட்டராவது உயர்த்துங்கள். ஒரு பைப்பும் இரண்டு கிளாம்பும் போதும்.

எல்லாத் திசையிலும் 90 என்றால் கனெக்டரைக் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள். எஸ்எம்ஏ என்னும் சின்னத் திருகு கனெக்டரில் இரண்டு வகை உண்டு. சாதாரண எஸ்எம்ஏவில் உள்மரை இருக்கும் பக்கத்தில் நடுவில் ஊசி இருக்கும், வெளிமரை இருக்கும் பக்கத்தில் ஓட்டை இருக்கும். வைஃபை ஆன்டெனாக்களுக்கு வரும் ஆர்பி-எஸ்எம்ஏவில் இது தலைகீழ். ஊசி இல்லாத ஆர்பி வகையை ரிசீவரின் ஓட்டையில் வைத்துத் திருகினால் மரை அழகாக உட்காரும், கடைசிவரை இறுகும், நடுவில் எதுவும் எதையும் தொடாது. இடைவெளி சின்னது என்பதால் கொஞ்சம் சிக்னல் தாவிப் போகும், பக்கத்து விமானங்களும் தெரியும். அதனால் யாரும் சந்தேகப்படுவதில்லை. ரெடிமேடாகக் கனெக்டர் போட்ட கேபிள் வாங்கினவர்கள் இதில் மாட்டிக்கொண்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஊசி ஒரு பக்கம், ஓட்டை எதிர்ப்பக்கம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க அரை நிமிடம் ஆகும்.

அடுத்தது தண்ணீர். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு வருடம் நவம்பர் மழை முடிந்த வாரத்தில் என் ரிசீவரில் செய்தி எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. ஆன்டெனா அடியில் இருந்த கனெக்டரை எலக்ட்ரீஷியன் டேப்பால்தான் சுற்றியிருந்தேன். டேப்பைப் பிரித்ததும் உள்பக்கம் பசை கரைந்து பிசுபிசுவென்று இருந்தது. கனெக்டரிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டினேன். பளபளவென்று இருக்க வேண்டிய செம்பு வலை, அடுப்பில் வைத்த பாத்திரத்தின் அடி போலக் கறுத்திருந்தது. இன்னும் ஒரு மீட்டர் தள்ளி வெட்டினேன், அங்கேயும் கறுப்பு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல வலை தண்ணீரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. காயவைத்தால் சரியாகுமா என்று கேட்காதீர்கள், கறுத்த வலை கறுத்ததுதான். அந்தக் கேபிளை முழுவதுமாகத் தூக்கிப் போட்டேன். இப்போது ரப்பர் டேப்பை, அதாவது தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் வகையை, இழுத்து இழுத்துக் கீழிருந்து மேலாகச் சுற்றி, அதன்மேல் வெயிலுக்காகச் சாதாரண டேப் சுற்றுகிறேன். ஜன்னல் வழியாகக் கேபிள் உள்ளே நுழையும் முன் ஒரு தொங்கல் விடுகிறேன், மழைத் தண்ணீர் அங்கே சொட்டிவிடும். சென்னையில் கடற்காற்றின் உப்பும் இருக்கிறது. கறுப்பது சீக்கிரமே நடக்கும்.

இவை எல்லாவற்றையும் ஒரே அடியில் தீர்த்து வைக்கும் சோதனை ஒன்று உண்டு, செலவே இல்லை. லேப்டாப்பையும் ரிசீவரையும் மொட்டை மாடிக்கு எடுத்துப் போங்கள். நீளக் கேபிளைக் கழற்றிவிட்டு, ஒரு முழ நீளத் துண்டுக் கேபிளில் ஆன்டெனாவையும் ரிசீவரையும் இணையுங்கள். கால் மணி நேரம் ஓட விடுங்கள். உடனே கீழே வந்து பழைய மாதிரி மாட்டி இன்னொரு கால் மணி நேரம். இரண்டிலும் கெயின், அதாவது ரிசீவர் சிக்னலைப் பெருக்கும் அளவு, ஒன்றாகவே இருக்க வேண்டும், தானாக மாறும்படி விடக் கூடாது. வினாடிக்கு எத்தனை செய்தி, எத்தனை விமானம், அதிகபட்சத் தூரம் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு ஒரே விமானத்தின் சிக்னல் அளவு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது, பழுதில்லாத கேபிள் என்றால் வித்தியாசம் 13 முதல் 15 டெசிபலுக்குப் பக்கத்தில் வர வேண்டும். 20-க்கு மேல் வந்தால் கேபிளிலோ அதன் கனெக்டரிலோ பழுது இருக்கிறது. மாடியிலும் 90 கிலோமீட்டர்தான் என்றால் கேபிளை விட்டுவிடுங்கள், கோளாறு ஆன்டெனாவிலோ அது நிற்கும் இடத்திலோ.

ஆன்டெனாவையும் கேபிளையும் அளக்கும் சின்னக் கருவியான நானோவிஎன்ஏ வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் நேராகவே அளக்கலாம். கேபிளின் மறுமுனையைத் திறந்து விட்டு, இந்த முனையில் எஸ்11, அதாவது அனுப்பியதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்ற அளவைப் பாருங்கள். சிக்னல் போய் முட்டித் திரும்பி வருவதால் இழப்பு இரட்டிப்பாகத் தெரியும். 1090-இல் 26 டெசிபல் காட்டினால் ஒரு வழி இழப்பு 13. இதிலேயே ஒரு எச்சரிக்கை: இவ்வளவு இழக்கும் கேபிளின் கீழ்முனையில் நின்று ஆன்டெனாவைச் சோதிக்காதீர்கள். ஆன்டெனாவைக் கழற்றிக் கீழே வைத்திருந்தாலும் எஸ்டபிள்யூஆர் (சிக்னல் திரும்பி வருவதை வைத்துச் சொல்லும் அளவு, 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.1 என்று பிரமாதமாகக் காட்டும். திரும்பி வர வேண்டியதைக் கேபிளே தின்றுவிடுவதால் வரும் அழகு அது.

சரி, எல்எம்ஆர்-400. நல்ல கேபிள், சந்தேகமில்லை. 22 மீட்டருக்கு மூன்றே கால் டெசிபல் அளவில்தான் இழக்கும். ஆனால் நம் ஊரில் டிஷ் டிவிக்கு இழுக்கிறார்களே, அந்த ஆர்ஜி-6, நல்ல தரத்தில் வாங்கினால் அதே நீளத்துக்கு நான்கே முக்கால் டெசிபல். இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றரை டெசிபல். விலையில் பல மடங்கு வித்தியாசம். ஆர்ஜி-6-இன் இம்பீடன்ஸ், அதாவது ரேடியோ அலைக்குக் கேபிள் காட்டும் தடை, 75 ஓம், நம் ரிசீவருக்கு 50 ஓம், ஒத்துப்போகாதே என்பார்கள். கணக்குப் போட்டால் அந்த ஒவ்வாமையில் திரும்பிப் போவது நான்கு சதவீதச் சக்தி, ஒரு இணைப்புக்கு 0.18 டெசிபல். அனுப்பும் கருவிக்கு அது முக்கியமாக இருக்கலாம், வெறுமனே கேட்கும் நமக்கு இல்லை. உள்ளே செம்பு பூசிய இரும்புக் கம்பி இருந்தாலும் பரவாயில்லை, மின்னோட்டம் இரண்டு மைக்ரான் தோலில்தானே ஓடுகிறது. கேபிள் டிவி ஆபரேட்டர்கள் தெருவில் இழுக்கும் தடிமனான ஆர்ஜி-11 கிடைத்தால் எல்எம்ஆர்-400-க்குச் சமமாகவே நிற்கும், ஆனால் அதற்குக் கனெக்டர் அளவு வேறு, வளைப்பதும் சிரமம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஆர்ஜி-6 வாங்குவேன். வாங்கும்போது உறையைக் கொஞ்சம் உரித்துக் காட்டச் சொல்லுங்கள். வலைக்கு அடியில் அலுமினியத் தாள் முழுதாகச் சுற்றியிருக்க வேண்டும், வலையும் எண்ணி விடக் கூடிய நாலு இழையாக இருக்கக் கூடாது. உறையில் என்ன அச்சிட்டிருந்தாலும் சரி, உள்ளே இருப்பதுதான் கேபிள்.

ஆம்ப்ளிஃபையர் கேள்விக்கு வருவோம். ரிசீவர் பக்கத்தில் போடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். கேபிளில் தொலைந்த சிக்னலை அதன் கடைசியில் பெருக்கினால், கூடவே இரைச்சலும் அதே அளவு பெருகும். ரிசீவரின் இரைச்சல் எண் (அது தானாகச் சேர்க்கும் இரைச்சலின் அளவு, குறைவாக இருந்தால் நல்லது) ஆறு டெசிபல், கேபிள் இழப்பு 13 என்றால் மொத்தம் 19. ஒரு டெசிபல் இரைச்சல் எண்ணும் 20 டெசிபல் பெருக்கமும் கொண்ட நல்ல ஆம்ப்ளிஃபையரைக் கீழே வைத்தால் அது 14 ஆகும், அவ்வளவுதான். அதையே ஆன்டெனா அடியில் வைத்தால் மூன்றாகிவிடும். கேபிள் அதேதான், ஆம்ப்ளிஃபையரும் அதேதான், இடம் மாறியதில் 11 டெசிபல் லாபம். கேபிளையும் ஆர்ஜி-6 ஆக மாற்றினால் 1.4 வரை இறங்கும்.

மாடியில் வைத்தால் அதற்குக் கரண்ட் வேண்டும். ரிசீவரில் பயஸ் டீ, அதாவது ஆன்டெனா கேபிளிலேயே கரண்ட் ஏற்றும் வசதி, இருந்தால் கேபிள் வழியாகவே சுமார் 4.5 வோல்ட் அனுப்பலாம். இரும்புக் கம்பி ஆர்ஜி-6 என்றாலும் 22 மீட்டருக்கு மொத்தத் தடை மூன்று ஓம் அளவுதான், 100 மில்லி ஆம்பியர் இழுத்தால் 0.3 வோல்ட் குறையும், தாராளமாக ஓடும். ஆனால் பக்கத்து மொட்டை மாடிகளில் செல்போன் டவர் இருக்கிறதா பாருங்கள். 870 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரை டவர்கள் அனுப்புவது நம் 1090-க்குப் பக்கத்து வீடு மாதிரி. ஃபில்டர் இல்லாத ஆம்ப்ளிஃபையர் அதையும் சேர்த்துப் பெருக்கி ரிசீவரைத் திணறடித்துவிடும். ஆம்ப்ளிஃபையர் போட்ட பிறகு விமானம் குறைந்தது என்று எழுதுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. ஃபில்டரோடு சேர்ந்த ஆம்ப்ளிஃபையரே வாங்குங்கள். போட்டதும் ரிசீவர் கெயினைப் படிப்படியாகக் குறைத்து, செய்தி எண்ணிக்கை எங்கே உச்சம் தொடுகிறது என்று பார்த்து அங்கே நிறுத்துங்கள்.

ஆனாலும் இடம் இருந்தால் நான் செய்வது வேறு. ரிசீவரையே மேலே கொண்டுபோய்விடுவேன். ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கை அளவுக் கணினி, ரிசீவர் இரண்டையும் மாடிப்படி அறைக்குள் வைத்து, ஆன்டெனாவிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் கேபிள் மட்டும். கீழே வருவது நெட்வொர்க் கேபிள் அல்லது வைஃபை. அதில் ஓடுவது எண்கள், நூறு மீட்டர் வரை ஈதர்நெட்டில் ஒன்றும் குறையாது. கரண்டையும் அதே கேபிளில் அனுப்பலாம். வெயிலுக்கு மட்டும் பயப்பட வேண்டும். சித்திரை வெயிலில் மூடிய பெட்டியை மொட்டை மாடியில் வைத்தால் பை 80 டிகிரியைத் தாண்டித் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நிழல், காற்றோட்டம் இரண்டும் இருக்கிற இடம் பாருங்கள். இடி மின்னல் நாட்களில் ஆன்டெனா கேபிளையும் நெட்வொர்க் கேபிளையும் கழற்றிவிடுங்கள். மின்னலைத் தரைக்குத் திருப்பும் அரெஸ்டர் போட்டாலும் நேரடி இடிக்கு முன் அது நிற்காது.

கடைசியாக நண்பரின் 350. அவர் எந்த மாடியில், எந்தப் பக்கம் திறந்த வெளியோடு இருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அடிவானம் எல்லாருக்கும் ஒன்றல்ல. 12 மீட்டர் உயரத்தில் இருக்கும் உங்கள் ஆன்டெனாவுக்கு, 11,000 மீட்டரில் பறக்கும் விமானம் அதிகபட்சம் 445 கிலோமீட்டர் வரைதான் நேர்க்கோட்டில் இருக்கும். கிழக்கே கடல், தடையில்லை, அங்கே 350 எதிர்பார்ப்பது நியாயம். மேற்கே பெங்களூரில் இறங்கும் விமானம் ஏறக்குறைய 3,500 மீட்டருக்குக் கீழே வந்ததும் பூமியின் வளைவுக்குள் போய்விடும். குன்றுகள் இருந்தால் அதற்கும் முன்பே. அதற்கு எந்தக் கேபிளும் உதவாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் அந்தக் கால் மணி நேரச் சோதனையைச் செய்துவிட்டு, இரண்டு செட் எண்களையும் தூர வரைபடத்தின் படத்தையும் இங்கே போடுங்கள். கனெக்டரைக் கழற்றி நடுவே ஊசி தெரிகிற மாதிரி ஒரு போட்டோவும் எடுங்கள். அதுவரை எதையும் வாங்க வேண்டாம்.